முடிவு பார்க்காத படங்கள்

போன வருஷத்துக்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம், அரியலூருக்கு வந்த படங்களில் பாதிக்கு மேல் பார்த்திருக்கிறேன். எந்தப் படம் தேறும், எது காசுக்குப் பிடித்த கேடு என்று என்னைக் கேட்டால் சொல்வேன். எந்தப் படம் எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அதில் ஒன்றுக்குக்கூட நான் தியேட்டரில் முடிவு பார்த்ததில்லை.

சினிமாப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். பைத்தியம் என் மனைவி. நான் ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். கல்யாணமான புதிதில் அவள் நச்சரிப்புத் தாங்காமல் மாதம் ஒரு தடவை அரியலூருக்கு மாலை ஆட்டத்துக்குக் கூட்டிப் போவேன். எங்கள் ஊர் செந்துறையிலிருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற கடைசி பஸ், படம் விடுவதற்கு முன்பே கிளம்பிவிடும். அதனால் கடைசிச் சண்டை ஆரம்பித்ததும் நாங்கள் எழுந்துவிடுவோம். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் முடிவை அவள் சொல்வாள். அவள் முடிவில் யாரும் சாக மாட்டார்கள். வில்லன்கூடத் திருந்திவிடுவான். கடைசியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள். "அத்தன குத்து வாங்குனவன் எப்புடிப் பொழப்பான், செத்துட்டான்" என்பேன் நான். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா" என்பாள். ஊர் வரும்வரை இதே சண்டை. யார் சொன்னது சரி என்று மறுநாள் எவரிடமும் கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கேட்டால் நம்ம முடிவு வீணாகப் போய்விடும் என்பாள். நானும் கேட்டதில்லை.

மகள் பிறந்தாள், வீட்டுக்கு டிவி வந்தது, தியேட்டர் பழக்கம் விட்டுப்போனது. நான் ஓய்வு பெற்ற மறுவருஷம் அவளுக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. இரண்டு கிட்னியும் போய்விட்டதென்று சொன்னார்கள். அதிலிருந்து வாரம் இரண்டு நாள் அரியலூர் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

கூட வந்தவர்களை அந்த அறைக்குள் விட மாட்டார்கள். வெளியே பெஞ்சில்தான் இருக்க வேண்டும். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அது வழியாகப் பார்த்தால் அவள் கட்டில் தெரியும். அவள் ரத்தம் குழாயில் வெளியே வந்து மெஷினுக்குள் போய்த் திரும்பி வருவது தெரியும். முதல் மாதம் முழுக்க நான் பெஞ்சில் உட்காராமல் அந்த வட்டத்துக்கு முன்னால்தான் நின்றேன். ஒருநாள் மெஷின் போடுவதற்கு முன்னால் அவள் என்னைக் கதவோரம் நிறுத்தினாள்.

"ஏங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு அந்தக் கண்ணாடியில நிக்காதீங்க. எழவு வூட்டுக்கு வந்தவரு மாதிரி இருக்கு. போயி ஒரு படம் பார்த்துட்டு வாங்க."

"நீ இங்க கெடக்கையில நான் படம் பாக்குறதா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஊரா இங்க ஊசி குத்திக்கிட்டுக் கெடக்குது? போயிட்டு வந்து கதை சொல்லுங்க. என்ன படம் பாக்குறாரோன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருப்பேன். நேரம் போயிடும்."

போனேன். மதிய ஆட்டம். அவளுக்கு மெஷின் எடுக்கும் நேரமும் படம் விடும் நேரமும் ஒத்துவராது. மெஷின் எடுத்ததும் அவளுக்குத் தலை சுற்றும். எழுந்து நிற்கும்போது பிடித்துக்கொள்ள நான் அங்கே இருக்க வேண்டும். ஆகவே ஹீரோ கடைசிச் சண்டைக்குச் சட்டைக் கையை மடிக்கும்போது நான் எழுந்துவிடுவேன். அன்றைக்கு பஸ், இன்றைக்கு மெஷின். எங்களுக்கு முடிவு கொடுத்து வைக்கவில்லை. "பெரியவரே, படம் இன்னும் முடியல" என்று வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு என் தலையைக் கண்டதும் அவரே கதவைத் திறந்து விட ஆரம்பித்தார்.

இப்படித்தான் நான் படம் பார்க்கிறவன் ஆனேன். வெள்ளிக்கிழமை எது மாறுகிறதோ அது. நல்லதா கெட்டதா என்று விசாரித்துப் போக எனக்கு வழியில்லை. ஒரே படம் இரண்டு வாரம் ஓடினால் அதையே நாலு தடவையும் பார்ப்பேன்.

துப்பாக்கிப் படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அவைதான் அதிகம். ஹீரோ தாடி வைத்திருப்பான். பேச மாட்டான். இடைவேளைக்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான், தியேட்டரே கத்தும். அப்புறம் சுடுவதும் வெட்டுவதும்தான். எதற்காக வெட்டுகிறான் என்று நாலு தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடாத படம் உண்டு. மெஷினை நிறுத்தும்போது நர்ஸம்மா குழாயில் தங்கிய கடைசிச் சொட்டு ரத்தத்தையும் வீணாக்காமல் மருந்துத் தண்ணீர் விட்டு அவள் உடம்புக்கே திருப்பி அனுப்புவதைப் பார்த்தவன் நான். இங்கே வாளி வாளியாகக் கொட்டுகிறார்கள், பையன்கள் விசில் அடிக்கிறார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். ரத்தம் வருகிற இடமெல்லாம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கிராமத்துப் படமென்று எடுக்கிறார்கள். எல்லாக் கிராமமும் தெற்கே இருக்கிறது. எல்லோருக்கும் மீசை, எல்லோர் முதுகிலும் அரிவாள். எங்கள் பக்கத்து முந்திரிக் காடும், சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு ரோட்டை அடைத்துப் போகிற லாரியும், மழைக்குக் காத்துக் கிடக்கிற சோளக் கொல்லையும் எந்தக் கேமராவுக்கும் ஆகவில்லை. ஒரு கதாநாயகி வாயிலிருந்து 'வூடு' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. ஒரு படத்தில் மட்டும் சிமெண்ட் ஆலை காட்டினார்கள். ஹீரோ ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறான், சட்டை அப்போதுதான் இஸ்திரி போட்டது மாதிரி வெள்ளை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்று பஸ்ஸில் அதை அவளிடம் சொன்னேன். "ஒங்க சட்டையோட நான் மாரடிச்சதுக்கு, அவன் பொண்டாட்டி என்ன சோப்பு போடுறான்னு கேட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்றாள்.

பேய்ப் படங்கள் பரவாயில்லை. பேயாக வருகிற பெண் பாவம், என்னவோ ஒரு குறை சொல்ல வருகிறது, யாரும் நின்று கேட்பதில்லை. "பேயும் பணக்காரன் பங்களாவாப் பாத்துத்தான் போவுது. நம்ம ஓட்டு வூட்டுக்கு வர மாட்டேங்குது" என்பாள் அவள்.

கதை சொல்ல எனக்கு வராது. "ஒருத்தன், அவனுக்கு ஒரு தங்கச்சி, அவளக் கொன்னுடுறாங்க" என்று ஆரம்பித்து மூன்று வரியில் முடித்துவிடுவேன். அவள் விட மாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குடைவாள். தங்கச்சி என்ன புடவை கட்டியிருந்தாள்? வீட்டில் அம்மா உண்டா? சாப்பிடுகிற இடம் வந்ததா, என்ன சாப்பிட்டார்கள்? எனக்கு ஒன்றும் தெரியாது. "கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுத் தூங்குனீங்களா" என்பாள். அதற்குப் பயந்தே நான் ஒழுங்காகப் படம் பார்க்கப் பழகினேன். புடவை நிறத்தை மனப்பாடம் செய்தேன். மழை பெய்ததா, யார் வீட்டில் என்ன குழம்பு என்று கவனித்தேன். படம் எடுத்தவன்கூட அவ்வளவு கவனித்திருப்பானா தெரியாது.

நான் சொல்லி முடித்ததும் அவள் முடிவு சொல்வாள். அதே பழைய முடிவுதான், எல்லோரும் பிழைப்பார்கள். ஆனால் இலை போட்டுச் சாப்பிடுவது மட்டும் போய்விட்டது. "சண்டையெல்லாம் முடிஞ்சு அவன் வூட்டுக்கு வருவான். வாசல்லயே நின்னு, தண்ணி கொடுன்னு கேப்பான். அவ ஒரு பெரிய சொம்பு நெறையக் கொண்டாந்து கொடுப்பா. அண்ணாந்து கடகடன்னு குடிப்பான். சட்டையெல்லாம் நனையும். அதான் முடிவு." துப்பாக்கிக்காரனும் குடித்தான், அரிவாள்காரனும் குடித்தான். பேய்கூட ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் போனது.

டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான். குடித்தது வெளியே போக வழியில்லாமல் நெஞ்சில் கட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு என்று டாக்டர் சொன்னதை அவள் சின்ன டம்ளரில் பிரித்துப் பிரித்துக் குடித்தாள். மாத்திரைக்கு ஒரு மடக்கு, சோற்றுக்கு ஒரு மடக்கு. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் கோழிகூட வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவள் ஈரத் துணியை உதட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, எலுமிச்சைச் சாறு கூடாது. அவளுக்கு முன்னால் என்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. தாகம் எடுத்தால் சொம்பைத் துண்டில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று குடித்துவிட்டு வருவேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள், "தண்ணி குடிக்கிறதுக்குக் கொல்லைக்குப் போற ஆள ஊர்லயே இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். ஆனாலும் பழக்கத்தை நான் மாற்றவில்லை.

ஒரு படத்தில் மட்டும் இடைவேளையிலேயே எழுந்துவிட்டேன். அம்மாவுக்குக் கிட்னி போய்விடுகிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டுகிறார். மகன் ஓடுகிறான், ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் கிட்னி கிடைத்து, அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறாள். நான் என் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று பெரம்பலூர் வரை போய்ப் பரிசோதனை செய்துகொண்டவன். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். மகள் கொடுக்கிறேன் என்றாள். இவள் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை, அழுது ரகளை செய்துவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்குப் பாட்டு எதுவும் வரவில்லை. அன்று பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கோபம். "பாதியில எழுந்து வந்தா நான் எதுலருந்து முடிவு சொல்றது? அடுத்த தடவ போயி மீதியப் பாருங்க" என்றாள். போகவில்லை. அந்தப் படத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் முடிவு கிடையாது.

கடைசியாக நாங்கள் பேசிய படம் ஒரு லாரி டிரைவருடையது. பெரிய நடிகர் யாரும் இல்லை. தியேட்டரில் என்னோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்திருப்போம். டிரைவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறான். வழியில் மழை, மண் சரிந்து ரோடு அடைத்துக்கொள்கிறது. போன் இல்லை, சாப்பாடு இல்லை. இங்கே அவன் மனைவி ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். அழவில்லை, சாமிக்கு வேண்டவில்லை. சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்துவிட்டு அரிசி களைகிறாள், அவ்வளவுதான். யாரும் யாரையும் வெட்டவில்லை. இத்தனை படத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்று முதல் தடவையாக ஆசை வந்தது. டிரைவர் லாரியை விட்டு இறங்கி, இருட்டில், இடுப்பளவு வெள்ளத்தில் காலை வைக்கிறான். மணியைப் பார்த்தேன், எழுந்துவிட்டேன். கதவருகே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் தண்ணீரில்தான் நின்றான்.

அன்று அவளுக்கு உடம்பு முடியவில்லை. கால் நடுங்கியது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கதை வேண்டாமா என்றேன். சொல்லுங்க என்றாள். நன்றாகவே சொன்னேன். அந்தப் பெண்ணின் பச்சைப் புடவை, நெளிந்த அலுமினியப் பாத்திரம், திறந்த கதவு, எதையும் விடவில்லை. வெள்ளத்தில் அவன் இறங்குகிற இடம்வரை வந்து நிறுத்தினேன். செந்துறைப் பஸ் ஸ்டாண்டில் பாதிக் கூட்டம் இறங்கி, பஸ் மறுபடி கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அவன் வர மாட்டான்."

"என்ன புள்ள சொல்ற? வருவான். நீச்சல் தெரிஞ்சவன் மாதிரிதான் இருந்தான்."

"வர மாட்டான். தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"அவ கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வராம எப்புடி? வருவான், வந்து வாசல்லயே நின்னு தண்ணி கேப்பான். அவ சொம்பு நெறையக் கொடுப்பா. அண்ணாந்து குடிப்பான்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். "எத்தன பேரத்தாங்க நானும் காப்பாத்துறது. ஒருத்தன விட்டுடலாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் இடம் வரும்வரை அவள் என் கையைப் பிடித்திருந்தாள், நானும் விடவில்லை.

அந்த வாரமே போய்விட்டாள். ஆஸ்பத்திரி நாள். காலையில் குளித்து, புடவை கட்டி, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு வேணாமுங்க" என்றாள். மூச்சு இழுத்தது. நான் வண்டிக்கு ஆள் அனுப்பினேன். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியத்தன்று படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கொண்டு வந்து அடுக்கினார்கள். சீவிய இளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம், சாத்துக்குடி, விளிம்பு தளும்ப ஒரு சொம்புத் தண்ணீர். அத்தனையும் அவளுக்கு ஆகாது என்று நான் வருஷக்கணக்கில் கையைப் பிடித்துத் தடுத்தவை. "எல்லாத்தையும் எடுங்க" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "இனிமே அம்மா சாப்பிடலாம்பா" என்று மகள் சொன்னாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை சினிமா ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகள் என்னைப் பெரம்பலூருக்குத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டிவியைத் துணி போட்டு மூடி வைத்தாள். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. தெருமுனையில் போஸ்டர் மாறும்போது மட்டும் ஏதோ வேலையை மறந்துவிட்டவன் மாதிரி இருக்கும். இதில் அந்தப் பெண் என்ன நிறப் புடவை என்று என்னை அறியாமல் பார்த்து வைத்துக்கொள்வேன். யாரிடம் சொல்ல?

போன மாதம் வருஷ திதி முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் டிவி மேலிருந்த துணியை எடுத்தாள். "அப்பா, ஒரு லாரிக்காரன் படம்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே. அது இதுல வந்துருச்சு. போடட்டுமா?"

வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். முடிவை விசாரிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் அவள் விட்டுவிடலாம் என்று சொன்ன அந்த ஒருத்தன் ஒரு வருஷமாக என்னோடுதான் இருக்கிறான். ராத்திரி பகல் இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். போடு என்றேன்.

பச்சைப் புடவை வந்தது. நெளிந்த பாத்திரம் வந்தது. மண் சரிந்தது. டிரைவர் லாரியை விட்டு இறங்கி வெள்ளத்தில் கால் வைத்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்கப்பா போறீங்க?" என்றாள் மகள்.

"எங்கயும் போவல" என்று உட்கார்ந்தேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

மிச்சம் கால் மணி நேரம் இருக்கும். அவன் தண்ணீரில் விழுந்தான், ஒரு மரத்தைப் பிடித்தான், கை நழுவியது. போய்விட்டான் என்றே நினைத்தேன். திரை கொஞ்ச நேரம் வெறும் தண்ணீராக இருந்தது. பிறகு விடிந்த பகல். ஒரு தெரு. ஒருத்தன் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்து வருகிறான். கதவு திறந்திருக்கிறது. அந்தப் பெண் அரிசிப் பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்கிறாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அவன் தண்ணீர் கேட்டானா, அவள் கொடுத்தாளா என்று காட்டவில்லை.

அவன் வந்துவிட்டான். நான் சொன்னதுதான் சரி. கல்யாணமான நாளிலிருந்து போட்ட சண்டையில், நான் ஒருத்தனைப் பிழைக்க வைத்தது அந்த ஒரு தடவைதான், அதில் ஜெயித்துவிட்டேன். பார்த்தியா புள்ள என்று சொல்லிக்காட்ட வாய்வரை வந்தது. தொண்டை காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்தாள். வாங்கிக்கொண்டு எழுந்து பின்கதவுப் பக்கம் நடந்தேன்.

"இங்கயே குடிங்கப்பா, எதுக்குப் பின்னால போறீங்க?"

சொம்பைத் துண்டில் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்று குடித்தேன்.